பிரஸ் மீட் வைக்கும் முன்

பிரஸ் மீட் என்றதும் சென்னை சேப்பாக்கத்தில் ஹால் புக் செய்வதிலிருந்தே பலரும் ஆரம்பிக்கிறார்கள். செய்தி யாருக்குப் போய்ச் சேர வேண்டும், அவர்கள் எந்தப் பேப்பர் படிக்கிறார்கள் என்பதை முதலில் விசாரியுங்கள். வேளச்சேரியில் கிளினிக் திறப்பதற்கு அந்தப் பகுதி வாராந்தர இலவசப் பத்திரிகையே போதும். பிரஸ் மீட்டே வேண்டாம்.

வைத்தே ஆக வேண்டுமென்றால் காலை 11 மணி. சாயங்காலம் நிருபர் செய்தி அடித்துக்கொண்டிருப்பார், வரமாட்டார். சட்டசபை நடக்கும் நாளைத் தவிருங்கள், பாதிப் பேர் கோட்டையில் இருப்பார்கள்.

செய்திக்குறிப்பு ஒரே பக்கம். யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் எல்லாம் முதல் பத்தியிலேயே வந்துவிட வேண்டும். ‘பெருமிதத்துடன் அறிவிக்கிறோம்’ என்ற வரியை டெஸ்க்கில், அதாவது பத்திரிகையில் செய்தியைத் திருத்தும் இடத்தில், எப்படியும் வெட்டிவிடுவார்கள். பிடிஎஃப் மட்டும் அனுப்பாதீர்கள்: காப்பி செய்தால் எழுத்துகளின் கொம்பும் காலும் இடம் மாறி, மறுபடி டைப் அடிக்க வேண்டியிருக்கும். அந்தப் பொறுமை யாருக்கு? யூனிகோடில், மெயிலுக்குள்ளேயே ஒட்டுங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் டாகுமென்ட்டாக அனுப்பினால்தான் தரம் குறையாது. படத்தில் இருப்பவர்களின் பெயர், பதவி இடமிருந்து வலமாக அவசியம். செய்திக்குறிப்பின் கீழே தரும் நம்பர், இரவு ஒன்பது மணிக்கும் போனை எடுக்கிறவருடையதாக இருக்கட்டும். சந்தேகம் கேட்டு அப்போதுதான் கூப்பிடுவார்கள்.

மறுநாள் ‘எப்போ சார் வரும்?’ என்று நச்சரிக்காதீர்கள். கூடுதல் விவரம் ஏதாவது வேண்டுமா என்று ஒரே ஒரு மெசேஜ், அவ்வளவுதான்.