எதிர்வீட்டு ஆணியில் தொங்கும் சாவி

எஸ்கம் ஊரின் பழைய சர்ச்சைப் பார்க்கணும்னா எதிர்வீட்டுக்குப் போ, வெளிச்சுவரில் சாவி தொங்கும், எடுத்துத் திறந்து பார்த்துவிட்டுத் திரும்ப மாட்டிவிடு என்று ஆஸ்பத்திரி வார்டில் என்னோடு வேலை பார்க்கும் ஒரு அக்கா சொன்னபோது நான் நம்பவில்லை. இங்கிலாந்து வந்து மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. கையெழுத்து, அடையாள அட்டை, பழைய வீட்டு உரிமையாளரின் கடிதம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, ஒரு வாடகை அறை கிடைக்கவே ஆறு வாரம் ஆகிவிட்டது. அப்படிப்பட்ட ஊரில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் திறக்கட்டும் என்று கோயில் சாவியைத் தெருவில் தொங்கவிடுவார்களா?

டிசம்பர் மாதம், நைட் டூட்டி முடிந்த மறுநாள், வட இங்கிலாந்தில் இருக்கும் பிஷப் ஆக்லண்டு என்ற ஊரிலிருந்து நடந்தே போனேன். இரண்டு மூன்று கிலோமீட்டர்தான், எஸ்கம் வியர் ஆற்றை ஒட்டிய சின்ன ஊர். நான் பச்சை வயலுக்கு நடுவில் தனியாக நிற்கும் கட்டடத்தைக் கற்பனை செய்துகொண்டு போனேன். ஆனால் சுற்றிலும் சாதாரணக் குடியிருப்பு வீடுகள், ஜன்னலில் கிறிஸ்துமஸ் விளக்கு, நடுவில் வட்டமான கல் மதில், அதற்குள் சாய்ந்த கல்லறைக் கற்களோடு அந்தச் சர்ச். சாவியும் சொன்ன இடத்தில் தொங்கியது. எடுக்கும்போது கை கொஞ்சம் நடுங்கியது, குளிரால் மட்டும் இல்லை. யாராவது ஜன்னலைத் திறந்து என்ன வேண்டும் என்று கேட்பார்கள் என்று ஒரு நிமிடம் நின்றேன். யாரும் கேட்கவில்லை.

கட்டியது கி.பி. 675 வாக்கில் என்கிறார்கள். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் எழுவதற்குக் கொஞ்சம் முந்தி என்று வைத்துக்கொண்டால் நமக்குச் சட்டென்று பிடிபடும். ரோமானியருக்குப் பின் இங்கிலாந்தில் குடியேறிய சாக்சன்கள் அந்தக் காலத்தில் கட்டிய சர்ச் ஒன்று இவ்வளவு முழுசாக நிற்பது மிகவும் அபூர்வம். உள்ளே நீளமான, குறுகலான, உயரமான ஒரே கூடம், கடைசியில் சின்ன கருவறை மாதிரி ஒரு அறை, இரண்டுக்கும் நடுவே ஒரு கல் வளைவு. பழைய ஜன்னல்கள் எல்லாம் உயரத்தில், வெளியே சின்னதாகவும் உள்ளே விரிந்தும் இருக்கின்றன, கிடைக்கிற கொஞ்ச வெளிச்சத்தையும் பிடித்துக் கூடத்தில் பரப்பிவிடுவதற்காக. மூன்றே முக்காலுக்கெல்லாம் இருட்டிவிடும் அந்த மாதத்தில் அதன் அருமை எனக்கு நன்றாகவே புரிந்தது. வந்ததிலிருந்து எங்கும் உட்காரத் தோன்றாமல் ஓடிக்கொண்டிருந்தவள், அன்று அந்தப் பெஞ்சில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஜூனில் அம்மா வந்தார். லண்டன் பார்க்கலாமா என்று கேட்டேன், முதலில் நீ அழுதுகொண்டு போனில் சொன்னாயே, அந்தக் கல் கோயிலுக்குக் கூட்டிப் போ என்றார். வாசலில் செருப்பைக் கழற்றினார். இங்கே கழற்ற வேண்டாம்மா என்றேன், காதிலேயே வாங்கவில்லை. எந்தச் சாமி என்று கேட்டார். யோவான் என்றேன். “அருளப்பரா? சரி” என்று கும்பிட்டுவிட்டு உள்ளே நடந்தார். எங்கள் பக்கத்தில் ஓரியூர் அருளானந்தர் கோயிலுக்கு எல்லோரும்தான் போவோம், அம்மாவுக்குச் சர்ச் புதிதில்லை.

அம்மா கற்களைத்தான் பார்த்தார். ஒரு கல்லில் விரலை வைத்து, “அம்மி கொத்தின மாதிரி இருக்கே” என்றார். நான் முன்பு கவனிக்காத ஒன்று. குறுக்கும் நெடுக்குமாக, சாய்சதுரம் சாய்சதுரமாக உளி ஓடிய தடம், புதிதாகக் கொத்திய அம்மி போலவே. அது ரோமானியக் கல்தச்சர்கள் வேலை. பக்கத்தில் பின்செஸ்டரில் ரோமானியர் கோட்டை இருந்தது, அவர்கள் போனபின் அங்கிருந்து கல்லைக் கொண்டுவந்துதான் சாக்சன்கள் இதைக் கட்டினார்கள். அந்தக் கல் வளைவைக்கூட அங்கிருந்து அப்படியே பெயர்த்து வந்திருக்கலாம் என்கிறார்கள்.

வெளியே வடக்குச் சுவரில் ஆறாம் லெஜியன் என்ற ரோமானியப் படையின் பெயரைச் சுருக்கி வெட்டிய கல் ஒன்று தலைகீழாக இருக்கிறது. அம்மாவுக்குக் காட்டினேன். நம் ஊர் சிவன் கோயிலிலும் திருப்பணியின்போது கல்வெட்டுக் கல்லைத் தலைகீழாக வைத்துக் கட்டிவிட்டார்கள் அல்லவா, சின்ன வயதில் நான் குனிந்து தலையைத் திருப்பிப் படிக்கப் பார்ப்பேன். அம்மா அதைத்தான் நினைத்தார். “எழுத்து தெரியாதவன் கட்டியிருப்பான். ஆனா சுவர் நிக்குது பார்” என்றார்.

தெற்குச் சுவரில் உயரத்தில் ஒரு சூரியக் கடிகாரம், வழிபாட்டு வேளைக்கு மூன்று கோடு, சுற்றி ஒரு பாம்பு. டிசம்பரில் மேகம்தான் இருந்தது, அன்று அதன்மேல் நல்ல வெயில். நாகர் என்று அம்மா அதற்கும் ஒரு கும்பிடு போட்டார்.

1863இல் ஊருக்குப் பெரிதாகப் புது சர்ச் கட்டி இதைக் கைவிட்டுவிட்டார்களாம். கூரை போய்ப் பாழாகிக் கிடந்ததை 1880 வாக்கில் சரிசெய்திருக்கிறார்கள். அந்தப் புது சர்ச்சை 1971இல் இடித்துவிட்டார்கள். இதைக் காப்பாற்றியவர்களை நினைத்தால் எனக்கு நன்றியாக இருக்கிறது, அவர்கள் இல்லையென்றால் அந்த டிசம்பரில் நான் எங்கே போய் உட்கார்ந்திருப்பேன்?

கிளம்பும்போது அம்மாவே பூட்டுகிறேன் என்று சாவியை வாங்கிக்கொண்டார். பூட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்து, தெருவைத் தாண்டிப் போய் ஆணியில் மாட்டினார். அப்புறம் அந்த வீட்டுக் கதவைப் பார்த்து, யாரும் நிற்கவில்லை என்றாலும், “பூட்டிட்டோம்மா” என்று தமிழில் சொல்லிவிட்டு வந்தார்.