வெள்ளிக்கிழமை வரைக்கும்

செப்டம்பர் 2, 2025, செவ்வாய்

எங்கள் நிரலை இதுவரை பில்ட் எடுத்து, அதாவது உலாவியில் ஓடும் பக்கமாக மாற்றிக் கொடுத்த சக ஊழியர் இப்போது இங்கே இல்லை; இனி அது என் வேலை. அவருடைய லேப்டாப்பில் உள்ளதையெல்லாம் 12-ஆம் தேதி துடைத்துவிட்டு வேறொருவருக்குக் கொடுக்கப்போகிறார்களாம். வெள்ளிக்கிழமை. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

செப்டம்பர் 3

நிரலை கிட் களஞ்சியத்திலிருந்து புதிதாகக் குளோன் செய்து (முழுப் பிரதி எடுத்து), அதற்கு வேண்டிய பேக்கேஜ்களை, பிறர் எழுதிவைத்த நிரல் துண்டுகளை, இறக்கித் தரும் என்பிஎம் இன்ஸ்டால் அடித்தேன். ஜாவாஸ்கிரிப்டை ஓட்டும் நோட், என் கணினியில் 20-ஆம் பதிப்பு. முதல் சண்டை பியர் டிபெண்டன்சியில், அதாவது ஒரு பேக்கேஜ் தன் பக்கத்தில் இருக்கவேண்டும் என்று கேட்கும் இன்னொன்றில். ஒரு பேக்கேஜ், பக்கம் கட்டும் நூலகமான ரியாக்ட் 16 கேட்கிறது; உள்ளே இருப்பதோ 17. என்பிஎம் 6 இதற்கெல்லாம் முணுமுணுத்துவிட்டு வேலையைப் பார்க்கும். 7 முதல் நிறுவவே மாட்டேன் என்று நின்றுவிடுகிறது. அந்தச் சோதனையைத் தவிர்க்கும் லெகசி பியர் டெப்ஸ் சுவிட்ச் போட்டு வாயை அடைத்தேன்.

அப்புறம் பில்டில் பிழை 0308010C. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இந்த எண்ணைச் சொல்வேன். கோப்புகளைத் தொகுக்கும் வெப்பேக் 4, எம்டி4 என்ற பழைய முறையில் ஹாஷ் (கோப்பின் கைரேகை மாதிரியான எண்) போடும். நோட் 17-லிருந்து உள்ளே உட்கார்ந்திருக்கும் குறியாக்க நூலகம் ஓப்பன்எஸ்எஸ்எல் 3-க்கு எம்டி4 என்றாலே ஆகாது. பழைய முறைகளைத் திறந்துவிட ஒரு சுவிட்ச் உண்டு. போட்டால் ஓடும். ஆனால் காரணத்தோடு மூடிவைத்ததை அவசரத்துக்காகத் திறக்க மனசு வரவில்லை. சரி என்று, நோட் பதிப்பை மாற்றித் தரும் என்விஎம்மில் நோட் 14-க்கே இறங்கினேன். 2023 ஏப்ரலோடு ஆதரவு முடிந்த பதிப்பு. பில்ட் சுத்தமாக முடிந்தது. பக்கத்தைத் திறந்தால் வெள்ளை. வெறும் வெள்ளை.

ஆகஸ்டு வரை அவர் பில்ட் எடுத்துக் கொடுத்தபோது இதே நிரல் ஒழுங்காக ஓடியது. அதற்கப்புறம் ஒரு வரிகூட மாறவில்லை.

செப்டம்பர் 4

கிட் இக்னோர் கோப்பு (எவற்றைக் களஞ்சியத்தில் சேர்க்கக்கூடாது என்ற பட்டியல்), 7-ஆம் வரி: பேக்கேஜ்-லாக்.ஜேசான், அதாவது லாக் ஃபைல். யார் சேர்த்தது என்று பார்க்கவில்லை.

செப்டம்பர் 5

வேண்டிய பேக்கேஜ்களின் பட்டியலான பேக்கேஜ்.ஜேசானில் எங்கள் கையால் எழுதியவை 43. நிறுவியவை போய்ச்சேரும் நோட் மாட்யூல்ஸ் கோப்புறைக்குள் எண்ணினால் 1,312. நாங்கள் அழைத்தது 43 பேரை. மற்றவர்களெல்லாம் அவர்கள் கைபிடித்து வந்தவர்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அந்தக் கூரை மாதிரியான குறி. ^4.1.0 என்று எழுதினால் 4.1.0 வேண்டும் என்று அர்த்தமில்லை. 5-ஐத் தொடாமல் இருப்பதில் புதியதாகப் பார்த்துக் கொடு என்று அர்த்தம். பூஜ்யத்தில் தொடங்கினால் கணக்கே வேறு, ^0.2.3 என்பது 0.3.0-வை எட்டாது. இது தெரியாமலே எத்தனை வருடம் எழுதியிருக்கிறேன்.

முதல் எண் மாறாதவரை பழையது உடையாது என்பது பதிப்பு எண்களுக்கான செம்வெர் ஒப்பந்தம். ஒப்பந்தம், அவ்வளவுதான். அதை யாரும் வாசலில் நின்று சோதிப்பதில்லை. ஆகவே அன்றைக்கு நிறுவிய அவருக்கு ஒன்று வந்தது, இன்றைக்கு நிறுவிய எனக்கு வேறொன்று வருகிறது. எது எந்தப் பதிப்பாக வந்தது என்று அச்சு அசலாகக் குறித்துவைப்பது அந்த லாக் ஃபைல்தான். 2017-இல் என்பிஎம் 5-ஓடு வந்த ஏற்பாடு. எங்களிடம் அது இல்லை.

(இரவு) இல்லை என்று ஏன் எழுதினேன்? 7-ஆம் வரி அதை கிட்டுக்குள் விடவில்லை, அழிக்கவில்லை. அவர் வட்டில் அது இருந்தே ஆகவேண்டும்.

செப்டம்பர் 6

கடவுச்சொல் கேட்டு அவருக்குச் செய்தி அனுப்பினேன். ஒற்றை டிக்.

செப்டம்பர் 7

ஒற்றை டிக்.

செப்டம்பர் 8

கணினிப் பிரிவில் கேட்டேன். "எப்படியும் வெள்ளிக்கிழமை துடைக்கத்தானே போறோம், இப்ப எதுக்குத் திறக்கணும்?" என்றார்கள். ஒரே ஒரு கோப்புக்காக என்றேன். சிரித்தார்கள். கோபத்தில் நோட் மாட்யூல்ஸையும் என் கணினியில் உருவான லாக் ஃபைலையும் அழித்து அழித்து ஐந்து முறை நிறுவினேன். ஐந்து முறையும் வெள்ளை.

செப்டம்பர் 9

கை நடுங்கிவிட்டது. நேற்று சாக், டிபக் உட்பட 18 பேக்கேஜ்களில் நச்சு நிரலை ஏற்றியிருக்கிறார்கள். பராமரிப்பவரைப் போலி மின்னஞ்சலால் ஏமாற்றி நுழைந்தார்களாம். உலாவி வழியாக யாராவது கிரிப்டோ அனுப்பினால் போய்ச்சேரும் முகவரியை அது மாற்றிவிடும். இரண்டு மணி நேரம்போல இருந்தது, எடுத்துவிட்டார்கள். நேற்றுதான் நான் ஐந்து முறை நிறுவினேன், கூரைக் குறிகளை நம்பி, புதியதாகப் பார்த்துக் கொடு என்று.

என் நோட் மாட்யூல்ஸில் டிபக் பல கிளைகளில் பல பதிப்பாக இருந்தது. நச்சுப் பதிப்பு 4.4.2. என்னிடம் இருப்பதில் புதியது 4.4.1. சாக் 4.1.2, அங்கே நச்சு 5.6.1. மூன்று முறை தேடினேன். அப்புறம் இன்னொரு முறை.

இன்னும் கொஞ்ச நேரம் தள்ளி அந்தக் கட்டளையை அடித்திருந்தால்?

செப்டம்பர் 10

7-ஆம் வரியைச் சேர்த்தது யார் என்று பார்த்தேன். 2019 மார்ச். "மெர்ஜ் செய்யும்போதெல்லாம் மோதுகிறது" என்று கமிட்டில் (மாற்றத்தைப் பதிவுசெய்யும் குறிப்பில்) காரணம் வேறு; மெர்ஜ் என்றால் பலருடைய மாற்றங்களை ஒன்றாக இணைப்பது. சேர்த்தது அவரில்லை.

அவரைப் பற்றி இந்த ஒரு வாரமாக நினைத்ததையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

செப்டம்பர் 11

நீல டிக்! "மறந்தே போச்சுங்க. லேப்டாப்புக்கு அடியிலயே ஒட்டியிருக்கேன், திருப்பிப் பாருங்க." திருப்பினேன். மஞ்சள் தாள். பத்து நாளாக என்னிடமிருந்து நாலு மேசை தள்ளி அது கவிழ்ந்து கிடந்திருக்கிறது.

கோப்பு இருந்தது. கடைசியாக மாறியது 2021-இல். என்னுடையதோடு ஒப்பிட்டால் அறுநூற்றுக்கு மேல் வேறுபாடுகள். பாதிப் பாதியாக மாற்றிப் பார்த்து, இரவு ஒன்றரைக்குப் பிடித்துவிட்டேன். தேதியை எழுத்தாக மாற்றித் தரும் குட்டிப் பேக்கேஜ், மூன்று படி கீழே. நாங்கள் அதன் பெயரைக்கூடக் கேட்டதில்லை. நடு எண் ஒன்று கூடியிருக்கிறது. வெளியே கொடுக்கும் ஃபங்ஷனின் பெயர் மாறியிருக்கிறது. இவ்வளவுதானா? இவ்வளவுதான். தூங்கவில்லை.

செப்டம்பர் 12, வெள்ளி

9:40. 7-ஆம் வரியை எடுத்தேன். லாக் ஃபைலை கமிட் செய்தேன். இனிமேல் பில்ட் இயந்திரத்தில் இன்ஸ்டால் கிடையாது, என்பிஎம் சிஐ மட்டும். லாக்கில் இருப்பதை அப்படியே வைக்கும், பேக்கேஜ்.ஜேசானோடு ஒத்துவராவிட்டால் நின்றுவிடும்.

10:15. நின்றுவிட்டது, ஆனால் வேறு இடத்தில். நோட் சாஸ், பக்கத்தின் அலங்காரக் கோப்புகளை மாற்றித் தரும் பேக்கேஜ். பில்ட் இயந்திரத்தில் இருப்பது நோட் 20. அதற்கேற்ற பைனரி (தொகுத்துத் தயாராக வைத்த கோப்பு) கிடைக்காமல் சி++ மூலநிரலைத் தானே தொகுக்கப் போய் விழுந்திருக்கிறது. லாக் ஃபைல் பேக்கேஜ்களைத்தான் பூட்டும், நோட்டை அல்ல. என்விஎம் படிக்கும் என்விஎம்ஆர்சி கோப்பில் 14 என்று எழுதி அங்கேயும் இறக்கினேன். எல்லாரும் மேலே ஏறும்போது நான் படிப்படியாக இறங்கிக்கொண்டிருக்கிறேன். ஏறுவதை அடுத்த வாரம் பார்ப்போம், ஒவ்வொன்றாக.

10:52. ஓடுகிறது. லேப்டாப்பை எடுக்க ஆள் வந்தாயிற்று. பத்து நிமிடம் கேட்டிருக்கிறேன்.