மஞ்சள் புத்தகமும் திரும்பும் டிக்கெட்டும்

செப்டம்பர் 28, 2024, சனி

மகள் நேற்று ராத்திரி வீடியோ காலில் முடிவாகச் சொல்லிவிட்டாள். ஜனவரி 11 சாயங்காலம் ஃபுளோரிடாவில் ஃபோர்ட் லாடர்டேல் துறைமுகத்தில் கப்பல் ஏறுகிறோம். 14ஆம் தேதி அரூபா, 16 கொலம்பியாவில் கார்த்தகேனா, 17 பனாமா கால்வாய், 20 காலையில் மறுபடி ஃபோர்ட் லாடர்டேல். பொங்கலன்று அரூபாவில் இருப்போம். பால் பொங்க வழியில்லை, கடல்தான் பொங்கும் என்றார் இவர்.

இவருக்குக் கால்வாய் மேல் அப்படி ஒரு மோகம். ரயில்வேயில் சிவில் பிரிவில் இருந்தவர். கப்பலைத் தண்ணீராலேயே 26 மீட்டர் மேலே தூக்கி காட்டூன் ஏரியில் விடுவதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்கிறார். எங்கள் கப்பல் அந்த ஏரி வரைக்கும் போய்விட்டு வந்த வழியே இறங்கிவிடும். பசிபிக்கைப் பார்க்க முடியாது. அதைப் பற்றி அவருக்குக் கவலையில்லை.

மகள் அனுப்பிய பயண ஒப்பந்தத்தைப் படித்தேன். கணக்குத் தணிக்கையில் காலம் தள்ளியவளுக்குக் கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில்தான் கண் போகும். 'தேவையான தடுப்பூசிகளையும் சான்றிதழ்களையும் பெற்றுக்கொள்வது பயணியின் பொறுப்பு.' எவை தேவை என்று ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 3, வியாழன்

கப்பல் நிறுவனத்துக்கு மகள் எழுதிக் கேட்டாள். உங்கள் மருத்துவரையும் உங்கள் நாட்டு அரசையும் கேளுங்கள் என்று பதில். அமெரிக்கக்காரர்களுக்கு அது சரி, அவர்கள் ஊர் திரும்பும்போது இதையெல்லாம் யாரும் கேட்பதில்லை. நமக்கு அப்படி இல்லை.

இந்திய அரசின் விதியைத் தேடி எடுத்துவிட்டேன். மஞ்சள் காய்ச்சல் உள்ள நாடுகள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஆப்பிரிக்காவில் ஏகப்பட்டவை; அந்தப் பக்கம் பிரேசில், பெரு, கொலம்பியா, பனாமா, இன்னும் சில. அந்த நாட்டை விட்டுக் கிளம்பி 6 நாட்களுக்குள் இந்தியாவுக்கு வருபவரிடம் தடுப்பூசிச் சான்றிதழ் இருக்க வேண்டும். இல்லையென்றால் தனிமைப்படுத்துவார்கள், அதிகபட்சம் 6 நாள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு மட்டும் விலக்கு. ஊசி போட்ட பத்தாம் நாளிலிருந்துதான், சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகம் செல்லும். முன்பெல்லாம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும்.

அரூபா பட்டியலில் இல்லை. கொலம்பியா இருக்கிறது, பனாமா இருக்கிறது. கப்பல் முடிந்த அன்றே விமானம் ஏறுகிற மாதிரி எங்களுக்கு டிக்கெட். 17 சாயங்காலம் பனாமா, 22 விடியற்காலை மீனம்பாக்கம். ஐந்து நாள் கூட முழுசாக ஆகியிருக்காது.

நம் ஊரில் ஏன் இவ்வளவு கெடுபிடி என்று முதலில் எரிச்சல் வந்தது. யோசித்தால் நியாயம்தான். அந்த வைரஸைப் பரப்பும் ஏடிஸ் எஜிப்தி கொசு நம் வீட்டுப் பூந்தொட்டித் தட்டிலேயே இருக்கிறது, டெங்குவுக்கு அதுதான் சொந்தக்காரி. ஆனால் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவில் இதுவரை வேர் பிடித்ததே இல்லை. கொசு தயாராக இருக்கிறது, நம் உடம்பில் எதிர்ப்பு இல்லை. வந்தால் என்ன ஆகும்?

அக்டோபர் 16, புதன்

நேற்றிலிருந்து மழை. வேளச்சேரிக்காரர்கள் போன முறை பட்ட அனுபவத்தில் கார்களையெல்லாம் மேம்பாலத்தில் கொண்டுபோய் வரிசையாக நிறுத்திவிட்டார்கள். எங்கள் வீட்டு மாடியிலிருந்து பார்த்தால் பாலமே ஷோரூம். மின்சாரம் இருந்தவரைக்கும் இவர் கால்வாய்க் கதை படித்துக் காட்டினார்.

சூயஸைத் தோண்டிய லெசெப்ஸின் ஆட்கள் 1880களில் பனாமாவில் தோண்ட ஆரம்பித்தார்கள். மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆட்களை வாரிக்கொண்டு போயின. இறந்தவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல் என்கிறார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில்களின் கால்களில் எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணம் வைத்தார்களாம். கொசு அதிலேயே முட்டையிட்டது! கொசுதான் காரணமாக இருக்கும் என்று கியூபாவில் கார்லோஸ் ஃபின்லே 1881லேயே சொன்னார், யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. 1900இல் அமெரிக்க ராணுவ மருத்துவர் வால்டர் ரீடின் குழு அதை நிரூபித்தது. அதற்குப் பிறகு அமெரிக்கர்கள் பனாமாவுக்கு வந்தபோது, கோர்காஸ் என்ற ராணுவ மருத்துவர் வீடு வீடாகப் புகை போட்டு, தேங்கிய தண்ணீரை மூடி, எண்ணெய் ஊற்றி, 1905 முடிவதற்குள் பனாமா நகரத்தில் அந்தக் காய்ச்சலை ஒழித்துவிட்டார். கால்வாய் திறந்தது 1914இல்.

எனக்குப் பிடித்த துணுக்கு வேறு. கால்வாய் திறக்கப் போகிறது என்றதுமே, அந்த வழியாகக் கப்பல்களில் மஞ்சள் காய்ச்சல் ஆசியாவுக்கு வந்துவிடுமோ என்று இங்கே பயந்திருக்கிறார்கள். எஸ்.பி. ஜேம்ஸ் என்ற மருத்துவ அதிகாரி இந்தியாவை எப்படிக் காப்பது என்று 1913இல் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறார். ஆக, மீனம்பாக்கத்தில் என்னிடம் கேட்கப்போகும் கேள்விக்கு நூறு வயது தாண்டிவிட்டது. அதுவும் நான் பார்க்கப்போகிற அதே கால்வாயைப் பற்றி.

இன்னொன்றும் தெரிந்தது. அமெரிக்க நோய்த் தடுப்பு மையத்தின் குறிப்பில், பனாமாவில் கால்வாய்க்குக் கிழக்கே உள்ள நிலப்பகுதிக்குப் போகிறவர்களுக்குத்தான் ஊசி பரிந்துரை. கால்வாய்ப் பகுதியோடும் பனாமா நகரத்தோடும் திரும்புகிறவர்களுக்கு இல்லை. கார்த்தகேனாவுக்கு மட்டும் போகிறவர்களுக்கும் பொதுவாக வேண்டாம் என்றே போட்டிருக்கிறார்கள். அப்படியானால் எங்களுக்கு நோய் வரும் என்பதற்காக ஊசி தேவையில்லை. விமான நிலையத்தில் காட்ட வேண்டிய காகிதத்துக்காகத்தான் தேவை. இரண்டும் வேறு வேறு கேள்வி என்று இவரிடம் சொன்னேன். "ஊசி ஒண்ணுதானே" என்றார்.

அக்டோபர் 22, செவ்வாய்

மூட்டுவாத டாக்டரிடம் போனோம். வாரம் ஒருநாள் மெத்தோட்ரெக்சேட் சாப்பிடுகிறேன். டாக்டர் விஷயத்தைக் கேட்டதுமே தலையை ஆட்டினார்.

"இது உயிருள்ள வைரஸ் வச்சு செய்யற ஊசிம்மா. வீரியத்தைக் குறைச்சிருப்பாங்க, ஆனா உயிரோடதான் இருக்கும். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைக்கிற மாத்திரை சாப்பிடறவங்களுக்கு நான் போடச் சொல்ல மாட்டேன்."

மேக்ஸ் தைலர் 1937இல் உருவாக்கிய, 17டி என்ற அதே வைரஸ் வகைதான் இன்றும் இந்த ஊசியில். அதற்காக 1951இல் நோபல் வாங்கினார். நல்ல ஊசி, கோடிக்கணக்கானவர்களைக் காப்பாற்றியது. எனக்குத்தான் ஒத்துவராது. டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிக்கொள்ளலாம். மஞ்சள் புத்தகத்திலேயே 'இவருக்கு இந்த ஊசி கூடாது' என்று எழுதித் தரும் பக்கமும் உண்டு. ஆனால் அதை ஏற்பதா என்பது இறங்கும் ஊர் அதிகாரியின் கையில். "கடிதத்தை நம்பி டிக்கெட் போடாதீங்க" என்றார்.

அடுத்து இவர். சர்க்கரை கட்டுக்குள் இருப்பதால் அது தடையில்லை. வயசுதான் யோசனை. 60க்கு மேல் முதல்முறையாகப் போடுகிறவர்களுக்கு, ஊசியில் உள்ள வைரஸே ஈரல், சிறுநீரகம் என்று பரவிக் கெடுதல் செய்யும் ஆபத்து இளவயதுக்காரர்களைவிட அதிகம். லட்சத்தில் ஒருவர் என்ற அளவு. வந்தால் ஆளையே முடித்துவிடும் தீவிரம்.

"பிரேசில் காட்டுக்குப் போறீங்கன்னா நானே கூட்டிட்டுப் போய் போட வைப்பேன். கால்வாயைப் பார்க்க வேண்டாம்" என்றார் டாக்டர். "ஆனா போடவே கூடாதுன்னும் சொல்ல மாட்டேன், முடிவு உங்களோடது."

இந்தக் கடைசி வாக்கியத்தை மட்டும் இவர் வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தார்.

நவம்பர் 5, செவ்வாய்

தீபாவளி லேகியம் தீர்வதற்குள் சண்டை. விமான டிக்கெட்டை ஒரு வாரம் தள்ளிப் போடு, மகள் வீட்டில் இருந்துவிட்டு ஜனவரி 27 வாக்கில் கிளம்பினால் ஆறு நாள் தாராளமாகக் கழிந்துவிடும், ஊசியும் வேண்டாம், கடிதமும் வேண்டாம் என்கிறேன் நான். முடியாது என்கிறார். என் நாத்தனார் பெண்ணுக்குத் தை மாசக் கடைசியில் கல்யாணம், தாய்மாமன் முன்னாடியே வந்து நிற்க வேண்டாமா?

"நீ இருந்துட்டு வா. நான் ஊசி போட்டுக்கிட்டு 20ஆம் தேதியே வர்றேன்."

"அந்த லட்சத்துல ஒருத்தர் நீங்களா இருந்தா?"

"தினம் நூறடி ரோட்டைக் குறுக்கே தாண்டறேனே, அதுக்கு என்ன கணக்கு வச்சிருக்கே?"

கேள்வி சரிதான். எனக்குப் பதில் சொல்ல ராத்திரியாகிவிட்டது. ரோட்டைத் தாண்டாமல் பால் வாங்க முடியாது. இந்த ஊசியைத் தவிர்க்க ஒரு தேதியை மாற்றினால் போதும். வேறு வழி இருக்கும்போது சின்ன ஆபத்து கூட வீண் செலவுதான்; ஆடிட்டில் இதற்குக் குறிப்பு எழுதியிருப்பேன். அவர் அதற்குள் தூங்கிவிட்டார்.

நவம்பர் 8, வெள்ளி

நாளும் விவரமும் விசாரிக்கக் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டுக்கு இவர் தனியாகவே கிளம்பிப் போனார். 1899இல் அம்மைத் தடுப்பு மருந்து தயாரிக்க ஏற்படுத்திய இடம். எங்கள் தோளில் இருக்கும் வட்டத் தழும்புக்கெல்லாம் அதுபோன்ற இடங்கள்தான் காரணம். என் தலைமுறைக்கு ஊசி என்றால் கேள்வியே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு ஆள் வரும், வரிசையில் நிறுத்துவார்கள், அவ்வளவுதான்.

வந்து கதை சொன்னார். காத்திருந்தவர்களில் பாதிப் பேர் கப்பல் வேலைக்குப் போகிற இளவட்டங்கள். தான்சானியாவுக்கு வேலைக்குப் போகும் ஒரு பையன், நைஜீரியாவில் கணவனிடம் போகும் ஒரு பெண், கையில் குழந்தை. இந்த மருந்துக் குப்பியைக் கரைத்தால் சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை வைத்துக்கொள்ள முடியாது. அதனால்தான் ஆள் சேர்த்து, நாள் குறித்துப் போடுகிறார்கள். அங்கே இருந்த டாக்டர் பெண் இவர் வயதைக் கேட்டாளாம். எத்தனை நாள் அங்கே தங்கல் என்றாளாம். சில மணி நேரம் என்று சொல்லும்போது இவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டதாம். "திரும்பற தேதியை மாத்த முடியுமான்னு பாருங்க சார்" என்று அவளும் சொல்லிவிட்டாள்.

நான் ஒன்றும் சொல்லவில்லை. காப்பி கொடுத்தேன்.

நவம்பர் 30, சனி

ஃபெஞ்சல் புயல். விமான நிலையத்தை மூடிவிட்டார்கள். காலையிலிருந்து ஜன்னல் அதிர்கிறது.

நாத்தனார் போன் செய்தாள், தண்ணீர் வந்ததா என்று கேட்க. பேச்சோடு பேச்சாக ஊசிக் கதையை உடைத்துவிட்டேன். போனை அண்ணனிடம் கொடு என்றாள். ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, முன்னாடி வந்து என்ன கிழிக்கப் போறே? பத்திரிகை எல்லாம் கொடுத்தாச்சு. ஒழுங்கா அண்ணியோட சேர்ந்து வா, கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கில்ல, போதும்." ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டு மாசமாக நான் சொன்ன நோபல் பரிசும் நூறு வருஷக் கட்டுரையும் செய்யாததை அவள் செய்துவிட்டாள்.

மகள் டிக்கெட்டை ஜனவரி 27க்கு மாற்றிவிட்டாள். தேதி மாற்றும் கட்டணம் கண்ணைக் கட்டியது. மாப்பிள்ளை தான் கட்டுவதாகச் சொன்னார், ஒத்துக்கொள்ளவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

மஞ்சள் காய்ச்சல் கதை முடிந்ததும்தான் மற்றதைப் பார்க்க நேரம் வந்தது. ஃப்ளூ ஊசி இருவருக்கும் இன்று போட்டாயிற்று. உயிரற்ற வைரஸ்தான், எனக்கும் ஒன்றும் செய்யாது. வேலை செய்ய இரண்டு வாரம் ஆகும் என்பதால் இதற்கு மேல் தள்ளக்கூடாது. மூட்டு இப்போது அடங்கியிருப்பதால் மெத்தோட்ரெக்சேட்டை இரண்டு வாரம் நிறுத்தச் சொன்னார் டாக்டர், அப்போதுதான் ஊசி நன்றாகப் பிடிக்குமாம். ஆயிரக்கணக்கான பேர் ஒரே லிஃப்ட், ஒரே சாப்பாட்டுக்கூடம் என்று ஒன்பது ராத்திரி. எங்கள் வயசுக்கு இதுதான் உண்மையான பயம்.

ஹெபடைடிஸ் ஏ ஊசி போட்டுக்கொள்ளச் சொன்னாள் மகள். ரத்தத்தில் எதிர்ப்பு இருக்கிறதா என்று முதலில் பார்த்தோம். இருவருக்கும் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரும் தெருக்குழாய்த் தண்ணீரும் குடித்து வளர்ந்த தலைமுறை, எப்போதோ வந்து தெரியாமலேயே போயிருக்கும். டைபாய்டுக்கும் கேட்டாள். கார்த்தகேனாவில் வருவதைவிட வேளச்சேரியில் வர வாய்ப்பு அதிகம் என்று டாக்டர் சிரித்தார். டெங்குவுக்கும் அதே பதில். கொசு விரட்டும் களிம்பு மட்டும் எடுத்து வைத்திருக்கிறேன். டெட்டனஸ் போட்டு வருஷங்கள் ஆகிவிட்டன, டிடி ஊசி அடுத்த வாரம்.

கப்பலில் அடிக்கடி கிளம்புகிற நோரோ வைரஸுக்குத்தான் ஊசியே கிடையாது. நூறில் மூன்று பயணிகளுக்கு வாந்தி பேதி என்றால், அந்தக் கப்பலின் பெயரை அமெரிக்க நோய்த் தடுப்பு மையம் வெளியிட்டுவிடுகிறது. அதற்கு சானிடைசர் அவ்வளவாக உதவாது, சோப்பும் ஓடும் தண்ணீரும்தான். இதைப் படித்ததிலிருந்து பஃபேயில் எல்லாரும் தொடும் கரண்டியை என்ன செய்வது என்று இவர் கவலைப்படுகிறார். இடது கையால் பிடித்து வலது கையால் சாப்பிடுங்கள் என்றேன். அமெரிக்காவில் வலது கையில் ஸ்பூன் அல்லவா கொடுப்பார்கள் என்கிறார்.

கப்பல் நிறுவனத்தின் உடல்நல விண்ணப்பத்தை இன்று நிரப்பினேன். மஞ்சள் காய்ச்சல் சான்றிதழ்: இருவருக்கும் 'இல்லை'. கப்பலின் தேதிவாரிப் பயணத் திட்டத்தையும் 27ஆம் தேதி டிக்கெட்டையும் இரண்டு இரண்டு நகல் எடுத்து, பனாமாவை விட்டுக் கிளம்பும் தேதிக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டிருக்கிறேன். மீனம்பாக்கத்தில் கேட்டால் பாஸ்போர்ட்டோடு சேர்த்து நீட்டுவதற்கு. டாக்டரின் கடிதமும் அதே கவரில் இருக்கிறது, இருக்கட்டும்.