பஃபரை வாங்கும் முன் நத்தையை வளர்த்துவிடுங்கள்

பயந்தால் உடம்பைப் பந்துபோல உப்பிக்கொள்ளும் பஃபர் மீனை யாரும் பேசி விற்க வேண்டியதில்லை. தொட்டி முன்னால் ஆள் வந்து நின்றாலே போதும், கண்ணாடியோரமாக வந்துவிடும். இரண்டு கண்ணும் தனித்தனியாகச் சுழலும். முதுகுத் துடுப்பும் மார்புத் துடுப்பும் படபடக்க நின்ற இடத்திலேயே நிற்கும், தேவைப்பட்டால் பின்பக்கமாகவும் நகரும். பார்ப்பவருக்கு, மீன் தன்னை அடையாளம் கண்டு வந்ததாகத் தோன்றும். மீன் விற்கும் பக்கம் நின்று பழகியவர்களுக்கு அதில் பாதி பசி என்று தெரியும். பிடிபட்ட இடத்திலிருந்து கடைத் தொட்டி வரை வந்து சேர்வதற்குள் பல நாள் பட்டினி. கடையில் மற்ற மீன்களுக்குப் போடும் செதில் தீனியைப் பெரும்பாலான பஃபர்கள் தொடுவதில்லை. அதனால் கண்ணைப் பார்க்காமல் வயிற்றைப் பார்த்து வாங்குவதுதான் இந்த மீனுக்குச் சரி.

வயிற்றுக்கும் முன்னால் இனத்தைப் பார்க்க வேண்டும். 'நன்னீர் பஃபர்' என்று எழுதி ஒட்டிய தொட்டியில் இருப்பது பல நேரம் நன்னீர் மீனே கிடையாது. பச்சை முதுகில் கறுப்புப் புள்ளியும் வெள்ளை வயிறுமாக இருக்கும் கிரீன் ஸ்பாட்டட் பஃபரும், முதுகில் எட்டு போல மஞ்சள் கோடு ஓடும் ஃபிகர் எயிட் பஃபரும் நீண்ட நாள் வாழ உவர்நீர் (நன்னீருக்கும் கடல்நீருக்கும் இடைப்பட்ட உப்புள்ள நீர்) வேண்டும். குஞ்சாக இருக்கும்போது நன்னீரில் தாக்குப்பிடிப்பதால் அப்படியே விற்றுவிடுகிறார்கள். சில மாதம் நன்றாகத்தான் இருக்கும். பிறகு நிறம் மங்கும், தோலில் படை வரும், தீனி குறையும். வாங்கியவர் மருந்து தேடி அலைவார். நோய் தண்ணீரில் இருக்கும். ஃபிகர் எயிட் சுமார் 8 செ.மீ. வரை வளரும், அதற்கு 1.005 ஒப்படர்த்தி (நன்னீரின் அடர்த்தியை 1 என்று வைத்து உப்புநீரை ஒப்பிடும் அளவு) போதும். லிட்டருக்கு 7 முதல் 8 கிராம் கடல் உப்புக் கலவை போட்டால் அந்த அளவு வரும். சமையல் உப்பு இதற்கு ஆகாது, கடல் மீன் தொட்டிக்கென்று விற்கும் கலவைதான் வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் வாரம் 0.002 என்ற கணக்கில் ஏற்றினால் ஃபில்டரில் உள்ள பாக்டீரியாவும் பழகிக்கொள்ளும். கிரீன் ஸ்பாட்டட் பஃபர் 15 செ.மீ.க்கு மேல் போகும், வளர வளர உப்பும் கூட்டிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

ஆயுள் முழுக்க நன்னீரிலேயே இருப்பவை வேறு. நம் மேற்குத் தொடர்ச்சி மலை ஆறுகளின் பீ பஃபர், அமேசான் பஃபர், நைல் ஆற்றிலும் மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் உள்ள ஃபஹாகா, காங்கோவின் ம்பூவும் மியூரஸும், மேகாங் பக்கத்துப் பாவோ இனங்கள். இவற்றுள் அளவு வித்தியாசம் கொஞ்சநஞ்சமல்ல. பீ பஃபர் இரண்டரை, மூன்று செ.மீ.யோடு நின்றுவிடும். ஃபஹாகா 40 செ.மீ.யைத் தாண்டும். ம்பூ 67 செ.மீ. வரை பதிவாகியிருக்கிறது. மூன்றும் கடையில் கட்டைவிரல் அளவுக்குள்தான் கிடைக்கும். ஃபஹாகாவுக்கு 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டி குறைந்தபட்சம். ம்பூவை வீட்டுத் தொட்டிக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது என்பதுதான் நேர்மையான பதில். அதைக் குஞ்சாகக் கொடுத்துவிட்டு 'பிறகு பெரிய தொட்டிக்கு மாற்றிக்கொள்ளலாம்' என்பது விற்பவரின் வசதிக்கான பேச்சு.

முதன்முதலாக வாங்குபவருக்குப் பீ பஃபர்தான் பொருத்தம். ஹோரா, நாயர் என்ற இரு ஆய்வாளர்கள் 1941இல் பம்பை ஆற்று மீனை வைத்து விவரித்த இனம் இது. கேரளம், கர்நாடகப் பக்கத்து ஆறுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயல்பாக இல்லை. பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் அழிவாய்ப்புள்ள இனமாக இருக்கிறது. விற்பனைக்கு வருவதில் கணிசமானவை ஆற்றில் பிடித்தவை. தொட்டியில் இனப்பெருக்கம் செய்த குஞ்சு கிடைத்தால் விலை கூடினாலும் அதை எடுப்பதே லாபம்: வயிற்றில் புழு இருக்கும் வாய்ப்பு குறைவு, உறைந்த தீனியைச் சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

சரி, வயிறு. பக்கவாட்டில் ஒரு தடவை, மேலிருந்து ஒரு தடவை பார்க்க வேண்டும். நல்ல மீனுக்கு மார்புத் துடுப்புக்குப் பின்னால் மெலிதான வளைவு இருக்கும். அந்த இடம் உள்வாங்கி, உடம்பை விடத் தலை பெரிதாகத் தெரிந்தால் பட்டினி நீண்டுவிட்டது என்று பொருள். கழிவு வெள்ளை நூலாகத் தொங்கினால் குடற்புழுச் சந்தேகம். வயிறு சாம்பல் நிறமாகக் கறுத்திருப்பதும், நீந்தும்போதும் வாலை ஒரு பக்கமாக மடித்தே வைத்திருப்பதும் நல்ல அறிகுறி அல்ல. ஓய்வில் மடிப்பது இயல்பு, அதைக் குறை சொல்ல வேண்டாம். வாயைச் சாத்தியிருக்கும்போது, பற்கள் ஒட்டி உருவான அலகு துருத்திக்கொண்டு தெரிகிறதா என்றும் பாருங்கள். கடைசியாக, கண்ணெதிரே தீனி போடச் சொல்லுங்கள். உறைந்த பிளட் வார்ம் (மீன் தீனியாக விற்கும் சிவப்புப் புழு) போட்டதும் குனிந்து, ஒரு நொடி குறி பார்த்து, வெடுக்கென்று இழுக்கும் மீனைத்தான் எடுக்க வேண்டும். தீனி போட்டுக் காட்டத் தயங்கும் கடையில் பஃபர் வாங்காமல் வருவதே மேல்.

பஃபருக்கு நத்தைதான் தீனி, அதன் ஓட்டைக் கடித்துத்தான் அலகும் தேயும். ஆகவே இதையெல்லாம் செய்யப் போவதற்கு ஆறேழு வாரம் முன்பே நத்தை வளர்ப்பைத் தொடங்கியிருக்க வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாக்குவதுதான் பெரும்பாலான தோல்விகளுக்கு வேர். 15 லிட்டர் பிடிக்கும் பிளாஸ்டிக் தொட்டி, ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர், இருபது ராம்ஸ்ஹார்ன் அல்லது பிளாடர் நத்தை: இவ்வளவுதான் முதலீடு. வேகவைத்த கீரை, வெள்ளரித் துண்டு, கொஞ்சம் மீன் தீனி போடலாம். ஓடு கெட்டியாக ஒரு துண்டு கணவாய் ஓட்டைப் போட்டுவைக்கவும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து குறைந்தால் ஓடு வெளுத்துக் குழி விழும். மலேசியன் டிரம்பெட் நத்தை தானாகப் பெருகும் என்றாலும் பீ பஃபருக்கு வேண்டாம், அந்த ஓடு அதன் வாய்க்கு மீறிய கடினம். பஃபரின் கண்ணை விடச் சற்றே பெரிய நத்தை போதுமானது.

நத்தை பெருகும் அதே காலத்தில் தொட்டியின் சைக்கிளிங்கும், அதாவது மீன் கழிவில் வரும் அம்மோனியாவை மாற்றும் பாக்டீரியாவை ஃபில்டரில் வளர்ப்பதும், முடிந்துவிடும். மீன் இல்லாமல், 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும்படி அம்மோனியா விட்டு, அது இருபத்துநான்கு மணி நேரத்தில் அம்மோனியாவாகவும் நைட்ரைட்டாகவும் தெரியாமல் நைட்ரேட்டாக மாறிவிடுகிறதா என்று டெஸ்ட் கிட்டில் பார்க்க வேண்டும். நான்கிலிருந்து ஆறு வாரம் பிடிக்கும். மற்ற மீன்களுக்கு இதில் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் ஒப்பேற்றிவிடலாம். பஃபருக்குச் செதில் கிடையாது, தின்னும்போது பாதியைச் சிதறவும் செய்யும், அம்மோனியாவின் சூடு அதற்கு உடனே உறைக்கும். வெப்பம் 25 முதல் 27 டிகிரி, பிஹெச் 6.8 முதல் 7.8க்குள் எங்கே நின்றாலும் சரி, ஆனால் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். நைட்ரேட் 20 பிபிஎம்முக்குக் கீழே இருக்க, வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர் மாற்ற வேண்டிவரும். குளோரின் நீக்கியை மறக்கக் கூடாது. பெரிய இனம் என்றால் ஹீட்டரைக் கூண்டுக்குள்ளோ சம்ப்பிலோ (ஃபில்டருக்காகத் தனியாக இணைக்கும் துணைத் தொட்டி) வைக்கவும், வயரையும் கடித்துப் பார்க்கும். பீ பஃபர் தொட்டியில் ஃபில்டரின் உறிஞ்சுவாய்க்கு ஸ்பாஞ்ச் மாட்டவும்.

மீனை வீட்டுக்குக் கொண்டுவந்த பின் செய்யும் ஒரு 'கவனமே' கெடுதலாக முடிவதுண்டு. நீண்ட தூரம் பையில் வந்த மீனை, பையைத் திறந்து, ஒரு மணி நேரம் சொட்டுச் சொட்டாகத் தொட்டித் தண்ணீர் விட்டுப் பழக்குவார்கள். மூடிய பையில் மீன் விடும் கரியமில வாயுவால் பிஹெச் இறங்கியிருக்கும். அதனால் அங்கே சேர்ந்த அம்மோனியா பெரும்பகுதி நச்சில்லாத அம்மோனியமாக இருக்கும். பை திறந்ததும் வாயு வெளியேறி பிஹெச் ஏறும், அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறும், மீன் அதில் கிடந்து வேகும். ஆகவே பல மணி நேரம் பையில் வந்த மீனென்றால், மூடிய பையை இருபது நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்தி, திறந்ததும் தாமதிக்காமல் மீனை மட்டும் தொட்டிக்கு மாற்றுவதே நல்லது. பைத் தண்ணீர் தொட்டிக்குள் போகக் கூடாது. பக்கத்துக் கடையிலிருந்து அரை மணியில் வந்த மீனுக்கு இந்தக் கவலை இல்லை, அதை நிதானமாகப் பழக்கலாம்.

மாற்றும்போது வலை வேண்டாம், சின்னக் கிண்ணத்தால் தண்ணீரோடு மொண்டு எடுக்கவும். வலையில் தூக்கினால் பயத்தில் உப்பும். தண்ணீருக்கு வெளியே உப்பினால் வயிற்றுக்குள் காற்று போய்விடும், அதை வெளியேற்றப் பல மீன்களுக்குத் தெரியாது. அப்படி மேலே மிதந்துகொண்டிருந்தால், தண்ணீருக்குள்ளேயே வாய் மேலாகவும் வால் கீழாகவும் நிறுத்திப் பிடித்து லேசாக அசைத்தால் குமிழாகக் காற்று வெளியேறும். உப்புவதைப் பார்க்க ஆசைப்பட்டு மீனைச் சீண்டுபவர்களுக்கு இந்த மீனைக் கொடுக்காமலிருப்பது உத்தமம்.

முதல் நான்கு வாரம் மணல் இல்லாத தனித்தொட்டி. ஆற்றில் பிடித்த பஃபருக்குக் குடற்புழு இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளலாம். உருளைப்புழுவுக்கு லெவமிசோல், லிட்டருக்கு 2 மில்லிகிராம், இருபத்துநான்கு மணி நேரம். ஒளியில் மருந்து சிதையும் என்பதால் விளக்கை அணைத்துத் தொட்டியை மூடிவைக்கவும். மறுநாள் அடியைச் சுத்தமாக உறிஞ்சி எடுத்து, பெரும்பகுதித் தண்ணீரை மாற்ற வேண்டும். மயங்கி வெளியே வந்த புழுவை மீன் மறுபடி தின்னாமலிருக்கத்தான் இந்த அவசரம். இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை. கால்நடைக்கான பொடியைப் பயன்படுத்துபவர்கள் பொட்டலத்தின் எடையைக் கணக்கில் எடுத்துவிடுகிறார்கள். அதில் மருந்து எத்தனை சதம் என்று பார்த்துக் கணக்கிட வேண்டும். நாடாப்புழுவுக்கு பிராசிகுவான்டெல் தனி. செம்பு கலந்த மருந்து எதையும் பஃபர் தொட்டியில் விடக் கூடாது.

தீனியில் பீ பஃபருக்கு நாளைக்கு இரண்டு வேளை, சிறிது சிறிதாக. உறைந்த பிளட் வார்மைத் தனிக் கிண்ணத்தில் கரைத்து, அந்த நீரை வடித்துவிட்டுப் போடவும். டாஃப்னியா, ஆர்டீமியா போன்ற சிறு நீருயிர்கள் மாற்றி மாற்றி வரட்டும், வாரத்தில் இரண்டு மூன்று நாள் நத்தை. வயிறு லேசாக மேடிட்டால் போதும், கோலிக்குண்டாக வேண்டியதில்லை. மிச்சத்தை அரை மணிக்குள் பைப்பெட்டால் உறிஞ்சி எடுக்கவும். வளர்ந்த ஃபஹாகாவுக்கு வாரம் இரண்டு மூன்று முறை ஓட்டோடு இறால், நண்டுக்கால், மட்டி. இதில் ஒரு கண்ணி இருக்கிறது: இறாலையும் மட்டியையும் மட்டுமே மாதக்கணக்கில் போட்டால், அவற்றில் உள்ள தயாமினேஸ் என்ற நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். நத்தையும் மண்புழுவும் இடையிடையே கலக்க வேண்டும்.

கூட்டு வளர்ப்பு பற்றிக் கேட்கும் கேள்விக்குப் பொதுவான பதில் 'வேண்டாம்'. நீண்ட துடுப்புள்ள மீன் எதுவும் ஒரு வாரத்தில் கந்தலாகும். ஃபஹாகா, ம்பூ, மியூரஸ் மூன்றும் ஒற்றை மீன் தொட்டிக்குரியவை. அமேசான் பஃபர் விதிவிலக்கு, ஐந்தாறாக இருந்தால்தான் நிம்மதி, நீரோட்டமும் வேண்டும். பீ பஃபர் ஒரே ஒரு மீன் என்றால் 20 லிட்டர் போதும். ஆறு மீன் வைக்க 80 லிட்டரும், ஒன்றையொன்று பார்க்க முடியாதபடி அடர்ந்த செடிகளும் வேண்டும். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் என்பது விகிதம். முதிர்ந்த ஆணுக்கு வயிற்றின் நடுவே கறுப்புக் கோடும் கண்ணுக்குப் பின்னால் சுருக்கமும் இருக்கும். குஞ்சில் இது தெரியாததால் எட்டாக வாங்கி, பிறகு அதிகப்படி ஆணைப் பிரித்தெடுப்பதுதான் நடைமுறை. பிரித்ததை வைக்க இடம் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இனி அலகு. நான்கு பற்களும் ஒட்டி அலகாகி, ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டேயிருக்கும். ஓடு கடித்தால் தேயும். பீ பஃபரில் பிரச்சினை அபூர்வம். அமேசான் பஃபரில் நத்தை போட்டும் வளர்வதுண்டு, ஆகவே வெட்டிவிடத் தயாராக இல்லாதவர் அதை வாங்க வேண்டாம். தீனியைக் கவ்வித் துப்புவது, வாய் சாத்த முடியாமல் இருப்பது முதல் அடையாளம். கிராம்பு எண்ணெய் தண்ணீரில் கலக்காது. சிறு பாட்டிலில் வெதுவெதுப்பான நீரோடு குலுக்கிப் பாலாக்கி, தனிப் பாத்திரத்தில் உள்ள தொட்டித் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும். மீன் சாயும், ஆனால் செவுள் அசைந்துகொண்டிருக்கும்: அந்த நிலையில் நிறுத்தவும். ஈரத் துணியில் பிடித்து, நகக்கண் வெட்டும் சிறிய கட்டரால் நுனியை மட்டும் எடுத்தால் போதும். மேல் அலகு, கீழ் அலகு இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்துவிட்டு, ஏர் பம்ப் ஓடும் மருந்தில்லாத தண்ணீரில் விட்டால் சில நிமிடத்தில் நிமிரும். முதல் தடவை இதைத் தெரிந்தவர் ஒருவரை அருகில் வைத்துக்கொண்டு செய்வது நல்லது. அடுத்த இரண்டு நாளைக்கு பிளட் வார்ம் மட்டும் போடவும், ஓடுள்ள தீனி அதன் பிறகு.