புது கார்டு மாட்டியதும் போன டிஸ்ப்ளே

திருமலை நாயக்கர் மகாலின் தூண் மண்டபத்தை ஆறு மாதமாக பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் செய்து வருகிறேன். தூண்கள் கூடக் கூட ஆன்போர்டு கிராஃபிக்ஸ் திணறியது. செகண்ட்ஹேண்டில் ஒரு ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராஃபிக்ஸ் கார்டு வாங்கினேன். என் சிஸ்டம் பழசு: ஐ5 4570 பிராசஸர், எச்81 மதர்போர்டு, 450 வாட் என்று போட்டிருக்கும் எஸ்எம்பிஎஸ் (எல்லாவற்றுக்கும் கரண்ட் கொடுக்கும் பெட்டி). கார்டுக்கு வேண்டிய 8 பின் வயர் அதில் இல்லை. ஹார்டுடிஸ்குக்குப் போகும் பழைய நாலு பின் வயர்கள் இரண்டைச் சேர்த்து 8 பின்னாக்கும் கன்வெர்ட்டரையும் வாங்கிக்கொண்டேன்.

சனி இரவு

சுவிட்சைப் போட்டதும் எல்லா ஃபேனும் சுற்றின, மானிட்டரில் மட்டும் 'நோ சிக்னல்'. எச்டிஎம்ஐ வயர் மதர்போர்டிலேயே இருந்தது, கார்டுக்கு மாற்றினேன். அப்போதும் இருட்டுதான். கார்டைக் கழற்றிவிட்டுப் பழையபடி ஆன் செய்தால் விண்டோஸ் வந்துவிட்டது. சரி, மற்றதெல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது. பயாஸில், அதாவது விண்டோஸுக்கு முன்னால் வரும் செட்டிங்ஸில், பிரைமரி டிஸ்ப்ளேயை ஆட்டோவிலிருந்து பிசிஐஇக்கு (கார்டு மாட்டும் ஸ்லாட்) மாற்றினேன். ராமின் முனைகளை ரப்பரால் தேய்த்துச் செருகினேன். கார்டை மாட்டினால் மறுபடி இருட்டு.

ஞாயிறு

கேபினட்டைப் படுக்க வைத்து டார்ச் அடித்துப் பார்த்தேன். ஸ்லாட்டின் கொக்கி 'டக்'கென்று விழுந்திருந்ததால் கார்டு முழுதாக உட்கார்ந்துவிட்டது என்றே நினைத்திருந்தேன். ஆனால் திருகு மாட்டும் பக்கம் மட்டும், ஸ்லாட்டுக்குள் போக வேண்டிய கார்டின் தங்கப் பட்டை நூலளவு வெளியே மின்னியது. கார்டின் தகட்டுக்குக் கீழே ஒரு சின்ன நாக்கு இருக்குமே, அது மதர்போர்டுக்கும் கேபினட்டுக்கும் நடுவில் உள்ள இடுக்கில் இறங்காமல் தகர மடிப்பின் மேல் முட்டிக்கொண்டு நின்றது. கார்டை எடுத்துவிட்டு மடிப்பை ஸ்க்ரூடிரைவரால் லேசாக நெம்பினேன். மறுபடி வைத்தபோது நாக்கு உள்ளே இறங்கியது, தங்கப் பட்டை மறைந்தது. ஆன் செய்தேன், டிஸ்ப்ளே வந்தது! அந்த நேரத்தில் இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

கார்டுக்கான டிரைவர் சாஃப்ட்வேரைப் போட்டு, ஒரு தூணை ரெண்டர் (மாடலை முழுப் படமாக்கும் வேலை) கொடுத்தேன். இரண்டே நிமிடத்தில் திரை கறுப்பானது. ஸ்பீக்கரில் பாட்டு ஓடிக்கொண்டே இருக்கிறது, கார்டின் ஃபேன் மட்டும் முழு வேகத்தில் இரைகிறது. டிரைவரை நீக்கிவிட்டு இரண்டு முறை புதிதாகப் போட்டும் இதே கதைதான். கடைசியில் கன்வெர்ட்டரைத் தொட்டுப் பார்த்தேன், பிளாஸ்டிக் சுட்டது. உடனே ஆஃப் செய்துவிட்டேன்.

திங்கள்

எஸ்எம்பிஎஸ்ஸைக் கழற்றி எடுத்துக்கொண்டு, திருநகரிலிருந்து பஸ் பிடித்து மேலவெளி வீதிப் பக்கம் தெரிந்த கடைக்குப் போனேன். கடை அண்ணன் கார்டைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரைத்தான் திருப்பிப் பார்த்தார்.

"450ஐப் பாக்காதீங்க தம்பி. 12 வோல்ட்ல எத்தனை ஆம்ப்னு பாருங்க."

பொடி எழுத்தில் 18 என்று இருந்தது. 12ஐயும் 18ஐயும் பெருக்கினால் 216 வாட். பிராசஸருக்கு 84, கார்டுக்கு 125. அதிலேயே 209 போய்விடுகிறது. மதர்போர்டும் டிஸ்கும் ஃபேன்களும் மிச்சம் 7 வாட்டில் ஓட முடியுமா? சும்மா இருக்கும்போது கார்டு கொஞ்சமாகத்தான் இழுக்கும், அதனால் டிஸ்ப்ளே போகாமல் இருந்தது. ரெண்டர் தொடங்கியதும் மொத்தப் பசியோடு இழுத்திருக்கிறது.

ஸ்லாட் அதிகபட்சம் 75 வாட் தரும், மீதி 8 பின் வயர் வழியாகத்தான் வர வேண்டும். இதே சிக்கலில் இருப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: பிராசஸருக்குப் போகும் 8 பின் வயரும் பார்க்க ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். அதில் 12 வோல்ட்டும் கிரவுண்டும் இடம் மாறி இருக்கும். கார்டில் நுழையவில்லை என்றால் தயவுசெய்து அழுத்தாதீர்கள்.

12 வோல்ட்டில் 43 ஆம்ப் தரும் 550 வாட் எஸ்எம்பிஎஸ் வாங்கினேன். கார்டுக்கான 6+2 பின் வயர் அதிலேயே வருகிறது.

செவ்வாய்

நாற்பது நிமிட ரெண்டர் ஒரு தடவைகூட நிற்காமல் முடிந்தது. வயரைத் தொட்டுப் பார்த்தேன், சூடே இல்லை. கன்வெர்ட்டரைக் குப்பையில் போட்டுவிட்டேன். அடுத்தது வளைவுகளின் சுதை வேலை. அதற்குப் படம் எடுக்க ஞாயிற்றுக்கிழமை மகாலுக்குப் போகிறேன்.