சர்க்கரை, ஈஸ்ட், பூட்டிய அறை: வீட்டுக்குள் வளரும் செடிக்குக் குறைந்த செலவில் கரியமில வாயு

எல்.இ.டி. விளக்கில் செடி வளர்ப்பவர்கள் எல்லோரும் என்றாவது ஒருநாள் இந்தக் கேள்விக்கு வந்து நிற்பார்கள்: கரியமில வாயு கொடுத்தால் இன்னும் வேகமாக வருமா? வரும். வெளிக்காற்றில் இருப்பது சுமார் 420 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் 420 பங்கு. அதை 800, 1000 என்று ஏற்றினால் பல பயிர்களில் வளர்ச்சி 20 முதல் 30 சதவீதம் வரை கூடும். பசுமைக்குடில்காரர்கள் பல காலமாகச் செய்துவரும் வேலைதான் இது.

ஆனால் எல்லாச் செடிக்கும் பலன் இல்லை. லெட்யூஸ், பாலக், வெந்தயம், கொத்தமல்லி, புதினா, துளசி, தக்காளி, மிளகாய் இவற்றுக்கு உண்டு. நம் முளைக்கீரை, தண்டுக்கீரை, சிறுகீரை எல்லாம் சோளம், கரும்பு போல சி4 வகை. அவை உள்ளுக்குள்ளேயே கரியமில வாயுவைச் செறிவாக்கிக்கொள்ளும். நீங்கள் கொடுப்பது வீண். முளைத்து ஓரிரு வாரத்திலேயே வெட்டும் மைக்ரோகிரீன்ஸுக்கும் வேண்டாம், பாதி வளர்ச்சி விதையில் இருக்கும் இருப்பிலேயே முடிந்துவிடும். ஜன்னலோரம் 9 வாட் பல்பு மாட்டியிருப்பவர்கள் முதலில் விளக்குக்குச் செலவழியுங்கள்.

செலவே இல்லாத வழி ஒன்று இருக்கிறது, ஏனோ யாரும் அதிகம் பேசுவதில்லை: நீங்கள் விடும் மூச்சு. சும்மா உட்கார்ந்திருக்கும் ஒருவர் மணிக்குச் சுமார் 18 லிட்டர் கரியமில வாயு விடுகிறார். 10 அடிக்கு 12 அடி, உயரம் 10 அடி என்றால் அறையின் கொள்ளளவு ஏறக்குறைய 34 கன மீட்டர். ஒரு கன மீட்டரில் 1 பிபிஎம் ஏற்ற 1 மில்லி லிட்டர் வாயு வேண்டும். அப்படியானால் கதவைச் சாத்தி ஏ.சி. போட்டு ஒருவர் வேலை பார்த்தால், கசிவு இல்லாத கணக்கில், ஒரே மணி நேரத்தில் 500 பிபிஎம்முக்கு மேல் ஏறும். ஸ்ப்ளிட் ஏ.சி. அறைக் காற்றையே சுற்றிவிடுகிறது, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. செடி அடுக்கை அந்த அறைக்கு மாற்றி, நீங்கள் அங்கே இருக்கும் நேரத்தில் விளக்கு எரியும்படி டைமரை வையுங்கள். வெளிச்சம் இருக்கும்போதுதான் செடி வாயுவை எடுக்கும். படுக்கையறையில் வைத்தால் இரவில் விளக்கு எரிய வேண்டும். தடித்த கறுப்புத் துணியால் அடுக்கை மூடி, ஒரு கம்ப்யூட்டர் ஃபேனால் அறைக் காற்றை உள்ளே இழுக்க வேண்டியிருக்கும்.

ஆள் இல்லாத அறையில், தனியாக மூடிய அடுக்கில் வளர்க்கிறீர்கள் என்றால்தான் ஈஸ்ட் கேன் பக்கம், அதாவது ஈஸ்ட் சர்க்கரையைப் புளிக்கவைத்துக் கரியமில வாயு விடும் கேன் பக்கம், போக வேண்டும். 90 செ.மீ. அகலம், 45 ஆழம், 180 உயரம் உள்ள அடுக்கின் கொள்ளளவு 0.73 கன மீட்டர். 420-லிருந்து 1000-க்கு ஏற்ற வெறும் 0.42 லிட்டர் போதும். காற்று மணிக்கு ஒருமுறை முழுதாக மாறும் என்று வைத்தால் கசிவுக்கு மணிக்கு 0.42 லிட்டர், இரண்டு தட்டு லெட்யூஸ் எடுத்துக்கொள்வது தோராயமாக 0.7. ஆக மணிக்கு 1.1 லிட்டர் தேவை. எக்ஸாஸ்ட் ஃபேன் நிமிடத்துக்கு ஒருமுறை காற்றை மாற்றிக்கொண்டிருந்தால் இது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றும் வேலை. அதனால் முதலில் ஃபேனை நிறுத்த முடியுமா என்று பாருங்கள். 80 வாட் விளக்கு, மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் சுவர் என்றால் உள்ளே வெளியைவிட 3, 4 டிகிரிதான் கூடும். அறை 26-ல் இருந்தால் உள்ளே 30, பரவாயில்லை. ஏ.சி. இல்லாத மே மாத அறையில் இந்த வேலையே வேண்டாம்.

இனி கேன். 5 லிட்டர் தண்ணீர் கேனில் 3.5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீர், 700 கிராம் வெள்ளைச் சர்க்கரை, அரை டீஸ்பூன் இன்ஸ்டன்ட் ஈஸ்ட், அரை டீஸ்பூன் ஆப்ப சோடா. சோடா எதற்கு? புளிக்கப் புளிக்க அமிலம் ஏறி ஈஸ்ட் சீக்கிரம் சோர்ந்துவிடும், அதைத் தள்ளிப்போட. தண்ணீர் கையில் சுட்டால் ஆறவிடுங்கள், ஈஸ்ட் செத்துவிடும். மூடியில் மீன் தொட்டி ஏர் டியூபைவிடச் சற்றுச் சிறிய ஓட்டை போட்டு, டியூபின் முனையைச் சாய்வாக வெட்டி, இடுக்கியால் இழுத்து நுழைத்தால் பசையே வேண்டாம். அங்கிருந்து பாதி தண்ணீர் வைத்த ஒரு சிறு பாட்டிலுக்கு ஒரு டியூப். நுரை பொங்கினால் அது அங்கே தங்கும், குமிழியையும் எண்ணலாம். சிறு பாட்டிலிலிருந்து அடுத்த டியூப் இலைக்கு மேல் மட்டத்தில் முடிய வேண்டும். வாயு காற்றைவிடக் கனம், கீழே விட்டால் தரையோடு கிடக்கும். உள்ளே ஒரு சின்ன ஃபேன் கலக்கிக்கொண்டே இருக்கட்டும்.

எந்த இடத்திலும் டியூபை மூடாதீர்கள், வால்வு வைக்காதீர்கள். கேன் வெடிக்கும்.

700 கிராம் சர்க்கரை முழுதும் புளித்தால் ஏறக்குறைய 200 லிட்டர் வாயு; நடைமுறையில் 150 என்று வையுங்கள். நம் ஊர்ச் சூட்டில் எட்டு, பத்து நாளில் முடிந்துவிடும், சராசரி மணிக்கு 0.7 லிட்டர், குமிழி விநாடிக்குச் சுமார் இரண்டு. முதல் மூன்று நாள் பொங்கும், பிறகு இறங்கும். அதனால் இரண்டு கேன், நான்கைந்து நாள் இடைவெளியில் தொடங்கினால் வரத்து சமமாக இருக்கும். தீர்ந்த கேனில் சர்க்கரை மட்டும் சேர்ப்பது வீண்வேலை; உள்ளே சேர்ந்த ஆல்கஹால் ஈஸ்டை வேலை செய்ய விடாது. அடியில் படிந்த வண்டலில் ஒரு கப் எடுத்துப் புதுக் கலவையில் போடலாம், ஈஸ்ட் மிச்சம். மீதியைச் சாக்கடையில் ஊற்றுங்கள். அதைக் காய்ச்சிப் பார்க்கும் யோசனை வந்தால், தமிழ்நாட்டு மதுவிலக்குச் சட்டத்தை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஈஸ்டின் பெரிய குறை, இரவிலும் வாயு விட்டுக்கொண்டே இருக்கும். வேண்டும்போது மட்டும் வர வேண்டுமென்றால் சிட்ரிக் ஆசிடும் ஆப்ப சோடாவும். 250 கிராம் சோடாவுக்கு 200 கிராம் ஆசிட். கிடைப்பது சுமார் 70 லிட்டர். ஆசிடை 400 மி.லி. தண்ணீரில் கரைத்து மேலே வைத்து, மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் டிரிப் செட்டால் கீழே, அடுக்குக்கு வாயு டியூப் போகும் மூடிய ஜாடியில் இருக்கும் சோடாக் கரைசலில் சொட்டவிடுங்கள். மேல் பாத்திரம் அரை மீட்டராவது உயரத்தில் இருக்கட்டும். விளக்கு போடும்போது டிரிப் செட்டில் சொட்டைக் கட்டுப்படுத்தும் சின்னச் சக்கரத்தைத் திறந்து, அணைக்கும்போது மூடலாம். லிட்டர் கணக்கில் சர்க்கரையைவிடப் பல மடங்கு செலவு. வினிகர் இன்னும் மோசம், ஒரு லிட்டருக்கு 20 லிட்டர் வாயுகூடத் தேறாது.

மெழுகுவர்த்தி, கேஸ் அடுப்பு, சாம்பிராணி வேண்டவே வேண்டாம். அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்சைடு, கூடவே எத்திலீன். தக்காளிப் பூ உதிரும். உலர் பனிக்கட்டி ஒரு கிலோ 500 லிட்டருக்கு மேல் வாயுவாகும், பூட்டிய அறையில் ஆளுக்கே ஆபத்து. எட்டு மணி நேர வேலைக்கு வரம்பு 5000 பிபிஎம். ஆள் புழங்கும் அறையில் 1000-ஐத் தாண்டினால் கதவைத் திறங்கள், தலை கனக்கும்.

மீட்டர் இல்லாமல் இதெல்லாம் குருட்டு வேலை. வாங்கும்போது என்.டி.ஐ.ஆர். சென்சார் (அகச்சிவப்புக் கதிரால் வாயுவை நேரடியாக அளப்பது) என்று போட்டிருக்கிறதா என்று பாருங்கள். மலிவான மீட்டர்களில் பல, காற்றில் உள்ள ஆவிகளை வைத்துக் கரியமில வாயுவை ஊகிப்பவை. புளிக்கும் கேன் பக்கத்தில் வைத்தால் ஆல்கஹால் வாடைக்கே எண் எகிறும். எம்.எச்.-இசட்19பி போன்ற சென்சாரில் தானியங்கிச் சரிபார்ப்பை அணைத்துவிடுங்கள். ஒருநாளில் கண்ட குறைந்த அளவை அது வெளிக்காற்று என்று எடுத்துக்கொள்ளும், மூடிய அடுக்கில் அந்தக் கணக்கு தப்பு. மொட்டைமாடியில் இருபது நிமிடம் வைத்து நீங்களே சரிசெய்யுங்கள்.

வாயு கூடினால் இலைத்துளைகள் சுருங்கும், தண்ணீர் குறைவாக இழுக்கும். லெட்யூஸ் வேகமாக வளர்ந்து, நடு இலைகளின் நுனி பழுப்பாகக் கருகும். பார்த்தவுடன் உரம் போதவில்லை என்று கூட்டாதீர்கள், அது இன்னும் கருகும். சுண்ணாம்புச் சத்து தண்ணீரோடு சேர்ந்துதான் மேலே ஏறும். நடுக்குருத்துக்குக் காற்று படாததால் அங்கே போகவில்லை. உரக் கரைசலைக் கொஞ்சம் நீர்க்கச் செய்து, ஃபேனை நேராகக் குருத்தின் மேல் திருப்பிவிட்டால் அடுத்து வரும் இலைகள் சுத்தமாக இருக்கும்.