54 பெரிதா, 46 பெரிதா?

2013 ஏப்ரல் 17, ராத்திரி ஷிப்ட். வெளிநாட்டுச் செய்திகளைத் தமிழாக்குவது என் வேலை. கடைசிப் பதிப்பு முடியும் நேரத்தில் அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டிலிருந்து செய்தி ஏஜென்சியின் ஃபிளாஷ், அதாவது ஒருவரி அவசரச் செய்தி, வந்தது. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை விசாரிப்பதை விரிவாக்கும் திருத்தம். ஆதரவு 54, எதிர்ப்பு 46. நான்கு மாதம் முன்புதான் நியூடவுன் பள்ளியில் 20 குழந்தைகளையும் 6 பெரியவர்களையும் ஒருவன் சுட்டுக் கொன்றிருந்தான். அந்தச் செய்தியையும் எழுதியவன் நான். மனம் நிறைந்து, ‘செனட் ஒப்புதல்’ என்று தலைப்பு போட்டேன்.

சீஃப் சப் எடிட்டர் பார்த்துவிட்டு, “தம்பி, முழுச் செய்தி வந்துச்சா? அங்க அறுபது வேணுமே” என்றார். அடுத்த நிமிடம் வந்த முழுச் செய்தியில் இருந்தது: திருத்தம் தோற்றது.

தலைப்பை மாற்றிவிட்டோம். ஆனால் 54 எப்படித் தோற்கும் என்ற கேள்வி என்னை விடவில்லை.

அப்புறம் தேடிப் படித்தேன். செனட்டில் பேச்சை நீட்டி மசோதாவை முடக்குவதை ஃபிலிபஸ்டர் என்பார்கள். விவாதத்தை வாக்கெடுப்பால் முடித்துவைக்கும் விதியே 1917இல்தான் வந்தது. அப்போது மூன்றில் இரண்டு பங்கு வாக்கு தேவை. 1975இல் அது நூறு பேரில் 60 ஆகக் குறைந்தது. நான் அதுவரை ஃபிலிபஸ்டரை ‘தொடர் பேச்சு’ என்றே எழுதிவந்தேன். அந்த ராத்திரி யாரும் விடிய விடியப் பேசவில்லை. தடை வரும் என்று தெரிந்ததால், 60 கிடைத்தால்தான் வெற்றி என்று இரு தரப்பும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டிருந்தன. பேசாமலேயே தடுக்க முடிந்தது.

எனக்கு வலிப்பது இந்த இடம்தான். சிறுபான்மைக் கட்சிக்கு ஒரு பிடி இருக்க வேண்டும், சந்தேகமே இல்லை. இல்லாவிட்டால் 51 பேர் மீதி 49 பேரை வாய் திறக்க விடமாட்டார்கள். ஆனால் தடுப்பவர் எழுந்து நின்று, ஏன் தடுக்கிறேன் என்று ஊரறியச் சொல்லட்டும். 1957இல் ஸ்ட்ராம் தர்மண்ட் என்ற செனட்டர், கறுப்பின மக்களுக்கான சிவில் உரிமை மசோதாவை எதிர்த்து 24 மணி 18 நிமிடம் பேசினார். அவர் நின்ற பக்கம் அநியாயமானது. ஆனாலும் எதை எதிர்த்தார் என்பது அவர் பெயரோடு பதிவாகியிருக்கிறது.

1964 சிவில் உரிமை மசோதாவையும் அவையில் 60 வேலை நாள் இழுத்தடித்தார்கள். ஜூன் 10 அன்று 71-29 என்ற கணக்கில் விவாதம் முடித்துவைக்கப்பட்டது. மூளைக் கட்டியால் பேச்சிழந்திருந்த கிளேர் எங்கிள் என்ற செனட்டரைச் சக்கர நாற்காலியில் கொண்டுவந்தார்கள். பெயர் கூப்பிட்டபோது கண்ணைத் தொட்டுக் காட்டினார். ஆங்கிலத்தில் கண்ணும் (eye) ‘ஆம்’ வாக்கும் (aye) ஒரே உச்சரிப்பு. அடுத்த மாதமே இறந்துபோனார். படித்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

2013 நவம்பரில் அதிபர் செய்யும் பெரும்பாலான நியமனங்களுக்கு 60 தேவையில்லை என்று ஜனநாயகக் கட்சி மாற்றியது. 2017இல் உச்ச நீதிமன்ற நியமனத்துக்கும் அதையே குடியரசுக் கட்சி செய்தது. ஆளும்போது ஒரு நியாயம், எதிர்வரிசையில் வேறு நியாயம். பெரும்பாலான மசோதாக்களுக்கு 60 அப்படியே இருக்கிறது.

இப்போது டெஸ்க்கில் புதிதாக வருபவர்களிடம் செனட் செய்தி என்றால் மூன்று எண் கேட்கிறேன்: ஆதரவு, எதிர்ப்பு, தேவைப்பட்டது. மூன்றாவது எண் இல்லாத செய்தியைப் பக்கத்துக்கு அனுப்புவதில்லை.